யார் யாரை அழைத்தார்?

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியருகே வாழும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நாகர்கோவிலிலுள்ள தன் ஆச்சிக்கு மடல் எழுதினாள். அவளுடைய அப்பாவும் மாமாவும் இரண்டு மாதங்களாகப் பேசிக்கொள்ளவில்லை. மடலின் முதல் வரி, "மாமா அழைத்தார் அப்பா" என்றிருந்தது. ஆச்சி மும்முறை படித்தார். முதலில் பேச முன்வந்தவர் மகனா, மருமகனா என்பது விளங்கவில்லை.

பேத்தி ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் எழுதியிருந்தாள். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்பது ஆங்கில வாக்கியத்தின் வரிசை. 'மாமா கால்டு அப்பா' என்றால் அழைத்தவர் மாமா. பெயர்களை இடம் மாற்றினால் அழைத்தவர் அப்பா ஆகிவிடுவார். அங்குச் சொல் நிற்கும் இடமே பொருளை உணர்த்துகிறது.

தமிழில் அப்பணியைச் செய்வது வேற்றுமை உருபு. 'மாமா அப்பாவை அழைத்தார்', 'அப்பாவை மாமா அழைத்தார்' ஆகிய இரண்டிலும் அழைத்தவர் மாமாவே. 'ஐ' உருபு எப்பெயரோடு சேர்கிறதோ அதுவே செயப்படுபொருள். வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் நிற்கும். கவிதையிலும் பேச்சிலும் அது முன்னே வருவதுண்டு. 'வந்தார் மாமா' என்பது பிழையன்று.

'பால் குடித்தாள்' என்னும் தொடரில் உருபு மறைந்துள்ளது. இஃது இரண்டாம் வேற்றுமைத் தொகை. பால் எவரையும் குடிக்காது, ஆதலால் ஐயமில்லை. மாமாவும் அப்பாவுமோ ஒருவரையொருவர் அழைக்க வல்லவர்கள். அங்கு உருபை விட்டால் குழப்பமே மிஞ்சும்.

மலையாளத்தின் சொல்வரிசையும் தமிழைப் போன்றதே: 'அம்மாவன் அச்சனெ விளிச்சு'. ஆயினும் 'விளிச்சு' என்பது ஆண், பெண், பலர் எவர்க்கும் மாறாது. தமிழில் அழைத்தான், அழைத்தாள், அழைத்தனர் என விகுதி மாறும். மலையாளம் பேசிப் பழகிய மாணவர் இவ்விகுதியில் கருத்து ஊன்றுதல் வேண்டும். இவ்விரு மொழிகளின் உறவை, இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல், 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஆச்சி தொலைபேசியில் பேத்தியிடமே கேட்டார்:

"யாரு யாரைக் கூப்பிட்டது, மக்களே?"

"மாமாதான் அப்பாவைக் கூப்பிட்டார், ஆச்சி."

பேச்சில் அவள் உருபை விடவில்லை என்பதைக் காண்க.

பயிற்சி

'நாய் பூனை துரத்தியது' என்பதில் தக்க இடத்தில் உருபைச் சேர்த்து, வேறுவேறு பொருள் தரும் இரு வாக்கியங்களை எழுதுக.

'அக்கா தம்பிக்குப் புத்தகத்தைக் கொடுத்தாள்': பொருள் மாறாமல் இச்சொற்களை எத்தனை வகையாக வரிசைப்படுத்தலாம்? எழுதிக் காட்டுக. அவற்றுள் உரைநடைக்கு ஏற்றவற்றைக் கோடிடுக.