காய்ப்புக் குன்றிய திராட்சைக் கொடியை அகற்றலாமா?

கோவில்பட்டிக் கரிசல் பருத்திக்குப் பேர்போன மண். 1901-ஆம் ஆண்டில் அங்கு ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையமும் பருத்தியை முன்னிட்டு எழுந்ததேயாம். அம்மண்ணில் கொல்லைப் பந்தலேறிய திராட்சைக் கொடி, இலை மிகுந்தும் குலை அரிதாயும் நிற்பதுண்டு. அதனை வெட்டியெறிந்து, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையின் போத்துகளைத் தருவித்து நடலாமென அங்கத்தினர் எண்ணுதல் இயல்பே. ஆயினும் புதுக்கொடி பலன் தர ஏறக்குறைய இரண்டாண்டு செல்லும். குறை மண்ணிலோ பராமரிப்பிலோ இருப்பின், அது புதுக்கொடியையும் விடாது.

முதலிற் கவனிக்கத்தக்கது கவாத்து. முதிர்ந்த கொப்பின் கணுவினின்று புதிதாய் எழும் தளிரிலேயே திராட்சை பூக்கும். குளிர்நாடுகளில் பனியால் இலையுதிர்ந்து உறங்கும் கொடி, நம் நாட்டில் உறங்குவதில்லை. பனியின் வேலையை இங்குக் கத்திதான் செய்யவேண்டும். கழிக்காத கொடி நீளுமேயன்றிக் காய்க்காது. மார்கழி-தையிலும் வைகாசி-ஆனியிலும், பழுப்பேறிய கொப்புகளில் நான்கு கணு நிறுத்திக் கழித்தல் வேண்டும். மெலிந்த கொப்புக்கு ஒன்றிரண்டு கணு போதும்.

கவாத்துக்குப் பின் ஏறக்குறைய 40 முதல் 60 நாட்களுக்குள் அடுத்த பருவத்திற்குரிய பூங்கரு கணுவினுள் உருவாகும். அக்காலத்தில் வேப்பமரம் பந்தலை மூடி நின்றால் பின்னர் இலையே மிஞ்சும். குளியல் நீரும் சாணக் குப்பையும் ஓயாது சேரினும் அக்கேடே விளையும்.

இவற்றைத் திருத்தி இரண்டு கவாத்துப் பருவம் பார்த்தபின்னும் குலை காணாவிடில் கொடியை அகற்றலாம். அடித்தண்டு உளுத்ததையும் விதையில் முளைத்ததையும் அவ்வளவு காலங்கூட வைத்திருக்க வேண்டுவதில்லை.

புதிதாய் நடுவோர் கரிசலில் குழிதோண்டி மணல் நிரப்பிவிட்டால் போதுமென்று நம்புதல் தவறு. சுற்றிலும் களியாதலின், ஐப்பசி கார்த்திகை மழையில் அக்குழி தொட்டிபோல் நீரைப் பிடித்து வேரை அழுகச் செய்யும். வண்டலும் தொழுவுரமும் கலந்து மேடு கட்டி, வடிகால் விட்டு, அம்மேட்டின்மேல் நடுவதே தக்கது. இலையோரம் கருகும் இடங்களில் உவர் இருக்கலாம். கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்த பின்னரே செலவு செய்க. உவருள்ள மண்ணுக்கு, மகாராஷ்டிரத் திராட்சைத் தோட்டங்களிற் பெருவழக்கான 'டாக்ரிட்ஜ்' வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றே ஏற்றது. சங்கத்தார் பலர் சேர்ந்து தருவித்தால் வண்டிக்கூலி குறையும். கோடையில் பாய்ச்ச நீரில்லாத வீட்டாருக்குத் திராட்சையினும் ஒட்டு இலந்தை மேல்.