பம்பு அடிப்பதற்கு முன்னும் பின்னும்

ஆஸ்துமாவுக்கான ஸ்பைரோமெட்ரி சோதனையில், நெஞ்சு நிறைய இழுத்த காற்றை முழு வேகத்தில் ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் அளவு எஃப்.இ.வி.1 என்றும், ஊதி முடிக்கும்வரை வெளியேறும் மொத்த அளவு எஃப்.வி.சி. என்றும் குறிக்கப்படுகின்றன. பின்னர், மூச்சுக்குழலை விரிக்கும் சால்ப்யூட்டமால் வழக்கமாக 400 மைக்ரோகிராம், ஸ்பேசர் என்னும் குடுவை வழியாக நான்கு தவணைகளில் தரப்பட்டு, சுமார் 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் ஊதச் சொல்லப்படுகிறது.

1961-இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்த பின்னும் சங்குகுளிப்பைத் தொடரும் தூத்துக்குடிக் கரையில், இச்சோதனைக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மூச்சைச் சேமிப்பதையே தொழிலாகக் கொண்டவர் அதை ஒரே வீச்சில் செலவழிக்கத் தயங்குவதால், முதல் ஊதல் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே ஒத்திகையாக இரண்டு மூன்று ஊதல்கள் தேவைப்படுகின்றன. மேலும், நெடுங்காலம் மூழ்கியவருக்கு எஃப்.வி.சி. பெரிதாக இருக்கக்கூடும் என்பதால், நோயில்லாமலே இரு அளவுகளின் விகிதம் தாழ்ந்து அடைப்பைப்போல் தோன்றலாம். மருந்துக்குப் பிந்தைய ஊதல்தான் அங்கே ஐயத்தைத் தெளிவிக்கப் பெரிதும் உதவுகிறது.

அந்த ஊதலைப் பொய்யாக்குவது பெரும்பாலும் கருவியன்று, காலையில் அடித்த பம்பு. பஸ் ஏறுமுன் முன்னெச்சரிக்கையாக அதை அடித்துவிட்டு வருபவரின் குழல்கள் ஏற்கெனவே விரிந்திருப்பதால், மருந்து தந்தும் மாற்றம் தெரிவதில்லை. குறுநேர மருந்தைக் குறைந்தது 4 மணி நேரமும், நாளுக்கு இருமுறை எடுக்கும் நெடுநேர மருந்தை 24 மணி நேரமும் மருத்துவரின் சொற்படி நிறுத்த வேண்டும். இடையில் மூச்சுமுட்டினால் தயங்காமல் பம்பை அடித்து, நேரத்தைச் சொல்லிவிடலாம். "மருந்தை நிறுத்தினீர்களா?" என்று கேட்டால் பலரும் தலையாட்டிவிடுவர், "கடைசியாகப் பம்பு அடித்தது எத்தனை மணிக்கு, அண்ணாச்சி?" என்பதே பயனுள்ள கேள்வி.

இனி கணக்கு. எஃப்.இ.வி.1 ஆனது 2.00 லிட்டரிலிருந்து 2.26 லிட்டராக உயர்ந்தால், 12 விழுக்காடும் 200 மில்லிலிட்டரும் கூட வேண்டும் என்ற 2005-ஆம் ஆண்டின் அளவுகோலை அது கடந்துவிடுகிறது. அவருடைய வயது, உயரம், பாலினத்துக்கு எதிர்பார்க்கப்படும் அளவு 2.80 லிட்டர் என்றால், அதில் 10 விழுக்காட்டுக்குமேல் உயர வேண்டும் என்ற 2021-ஆம் ஆண்டின் அளவுகோலை எட்டாமல் நின்றுவிடுகிறது. ஒரே மனிதர், ஒரே ஊதல், இரு முடிவுகள்! எனவே அறிக்கையின் கடைசி வரியை மட்டும் படிப்பது போதாது.

நிலக்கரித் தளத்திலோ உப்பளத்திலோ வேலை செய்பவர் விடுப்பு நாளில் வந்து ஊதும்போது மாற்றமே தெரியாமல் போகலாம். அவரிடம் பீக் ஃப்ளோ மீட்டர் என்னும் சிறு ஊதுகுழலைத் தந்து, வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் பலமுறை ஊதிக் குறித்து வரச் சொல்வது வழக்கம்.