யார் கையெழுத்துக்குக் கீழே வேலை?

கேள்வி: பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் முடித்திருக்கிறேன். ஜொகூர் பாருவில் சின்ன கன்சல்டன்ட் கம்பெனி ஒன்று 2,800 வெள்ளிக்குக் கூப்பிடுகிறது. இங்கேயே ஒரு கான்ட்ராக்டர் 3,300 தருகிறேன் என்கிறார். கன்சல்டன்டிடம் போனால் கசக்கிப் பிழிந்துவிடுவார்கள் என்று கூட்டாளிகள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், பத்து பாகாட்

பதில்: தம்பி, கூட்டாளிகள் சொல்வது பொய்யில்லை. கன்சல்டன்ட் அலுவலகத்தில் விற்பனைச் சரக்கே ஆட்களின் நேரம்தான். நகராண்மைக் கழகத்துக்கு வரைபடம் அனுப்பும் வாரத்தில் இரவு பத்து மணி வரை உட்கார வேண்டிவரும். டெவலப்பர் கட்டங்கட்டமாகத்தான் பணம் தருவார். அவர் இழுத்தடித்தால் சின்ன அலுவலகத்தில் உங்கள் சம்பளமும் தள்ளிப்போகலாம். ஜொகூர் பாருவில் அறை வாடகையையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் இழப்பது 500 வெள்ளி மட்டுமல்ல.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான். மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்போகாத சம்பளக்காரருக்கு, சாதாரண நாளில் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி உண்டு. நீங்கள் அந்த வரம்புக்குள் இருக்கிறீர்கள். ‘எக்சிகியூட்டிவ்’ என்று அட்டை அடித்துக் கொடுத்தாலும் அந்த உரிமை போகாது. புதிதாகச் சேரும் பட்டதாரிகள் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள்!

இவ்வளவு சொன்ன பிறகும் கன்சல்டன்ட் பக்கம்தான் நான் சாய்வேன். காரணம் ‘ஐ.ஆர்.’ என்ற தொழில்முறைப் பொறியாளர் பட்டம். 1967-ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டப்படி, முதலில் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிய வேண்டும். பிறகு குறைந்தது 3 ஆண்டு அனுபவம், அதன்மேல் மதிப்பீடு. கான்ட்ராக்டரிடம் சைட் அனுபவம் தாராளமாகக் கிடைக்கும், டிசைன் கிடைப்பது அரிது.

அதுவும் நம் பக்கத்து மண்ணில் டிசைன் லேசான வேலையில்லை. நீங்கள் படித்த பாரிட் ராஜாவே மென்களிமண் மேல்தான் நிற்கிறது; உங்கள் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஆய்வு மையம் இருக்கிறது. 1980-களின் கடைசியில் நெடுஞ்சாலை வாரியம் மூவாரில் அதே மாதிரி மண்மேல் சோதனைக் கரைகள் கட்டியது. அவற்றில் ஒன்றை வேண்டுமென்றே சரியும்வரை உயர்த்தினார்கள். எந்த உயரத்தில் சரியும் என்று வெளிநாட்டு நிபுணர்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த மாதிரிக் கணக்கைப் போடவும், போட்டதை ஒரு மூத்தவர் சிவப்பு மையால் கிழிப்பதைப் பார்க்கவும் கன்சல்டன்ட் அலுவலகம்தான் இடம்.

ஐ.ஆர். பட்டத்துக்குச் சுமையும் உண்டு. 1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். கட்டி முடித்துப் பத்தாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. ஆனாலும் 2000-இல் உயர் நீதிமன்றம் டெவலப்பரோடு பொறியாளரையும் பொறுப்பாக்கியது. வரைபடத்தில் போடும் கையெழுத்து அத்தனை காலம் பின்னாலேயே வரும்.

அதனால் நேர்முகத்தில் சம்பளத்தைவிட முதலில் இதைக் கேளுங்கள்: அலுவலகத்தில் சிவில் பிரிவு ஐ.ஆர். எத்தனை பேர்? என் கணக்கை யார் பார்ப்பார்கள்? சைட்டுக்கு என்னையும் அனுப்புவீர்களா? ஐ.ஆர். ஒருவர்தான், அவரும் வாரத்துக்கொரு முறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர் என்றால் அந்த வேலை வேண்டாம். கான்ட்ராக்டரிடம் சேர்ந்து ஓராண்டு சைட்டைப் பழகிக்கொண்டு, வேறு கன்சல்டன்டைத் தேடுங்கள்.

பதில் திருப்தியாக இருந்தால் ஜொகூர் பாருவுக்குக் கிளம்பலாம். வேலைக் கடிதத்தில் ‘பாண்டு’ (இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை) என்று ஒரு பத்தி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். இருந்தால், எந்தப் பயிற்சிக்காக, எத்தனை வெள்ளி, எத்தனை மாதம் என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.