அக்கார்டியன் - மூச்சு விடும் பெட்டி



கோயில் திருவிழா நெருங்கினால் நம்ம பக்கம் ஆர்கெஸ்ட்ரா மேடை போடுவாங்க. கீபோர்டு, கிடார், தபேலா, டிரம்ஸ் எல்லாம் இருக்கும். அபூர்வமா ஒருவர், மார்பில் மாட்டிய பெட்டியை இழுத்து இழுத்து வாசிப்பார். அவரைத் தனியா 'சிறப்பு விருந்தினர்' என்று அறிவிப்பார்கள். அந்தப் பெட்டிதான் அக்கார்டியன். அடுத்த கச்சேரிக்குள் அதைப் பற்றித் தெரிஞ்சுக்கலாமா?

1829-ல் வியன்னா நகரில் சிரில் டெமியான் என்பவர் இந்தப் பெயரில் காப்புரிமை வாங்கினார். அதே ஊரில் பீத்தோவன் இறந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் யார் எங்கே உட்காரணும் என்பது ஏறக்குறைய முடிவான பிறகு பிறந்த கருவி, பாவம்! நிரந்தர நாற்காலி கிடைக்கல. ரஷ்யாவின் சைக்கோவ்ஸ்கி 1883-ல் எழுதிய ஓர் இசைத்தொகுப்பில் நாலு அக்கார்டியன் சேர்த்தார். இன்றைக்கும் அங்கே அது விருந்தாளிதான்.

நம்ம சினிமாவில் அப்படி இல்லை. மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் குழுவில் அக்கார்டியன் மங்களமூர்த்தி வீட்டு ஆள் மாதிரி. நாடக மேடையில் ஆர்மோனியம் கேட்டுப் பழகிய காதுக்கு அதன் ஒன்றுவிட்ட தம்பி அந்நியமாத் தெரியுமா?

இரண்டிலும் உள்ளே இருப்பது உலோக நாக்குகள். காற்று பட்டால் அதிரும். நீளமான நாக்கு கீழ் ஸ்தாயி, குட்டை நாக்கு மேல் ஸ்தாயி. ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்திக்கே போய்விடும். அக்கார்டியனில் வலது கை கட்டைகளை வாசிக்க, இடது கை பொத்தான்களையும் அமுக்கி, துருத்தியையும் இழுக்கணும். பெரிய பெட்டியில் 120 பொத்தான்! எடை பத்து கிலோ வரும். நம்ம புத்தகப் பையே தேவலை.

ஒரு குறையும் உண்டு. சுரங்கள் நிலையானவை, கமகம் வராது. இதே குறையைச் சொல்லித்தான் 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. அது தளர 1971 ஆச்சு. ஆனால் அக்கார்டியனுக்கு வேறொரு வித்தை தெரியும். ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டே துருத்தியை மெல்ல இழுத்தால் சத்தம் முனகலாத் தொடங்கும், பொங்கும், அடங்கும். அழுகிற மாதிரியே இருக்கும்.

கீபோர்டிலும் 'அக்கார்டியன்' என்று ஒரு பட்டன் இருக்கு. ஒரு கீபோர்டு நாலு பேர் வேலையைப் பார்ப்பதால் மேடைக்காரருக்கு நாலு சம்பளம் மிச்சம். துருத்திக்காரர் வீட்டுக்குப் போனது இப்படித்தான். ஆனால் கட்டையை அமுக்கிய பிறகு அந்தப் பொங்கல் விரலால் மட்டும் வராது. கச்சேரியில் வலது கையைப் பார்க்காதீங்க, இடது கையைப் பாருங்க.

இன்னொன்று. சில பெட்டிகளில் ஒரே சுரத்துக்கு இரண்டு நாக்குகளை லேசா வித்தியாசமாச் சுருதி சேர்ப்பார்கள். ஒன்று விநாடிக்கு 440 அதிர்வு, இன்னொன்று 442 என்றால், ஒலி விநாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். பதினொன்றாம் வகுப்பு அண்ணன்மார் படிக்கிற 'விம்மல்' இதுதான். பீங்கான் கோப்பையைத் தட்டியே விரிசல் கண்டுபிடிக்கிற ஊர்க்காரங்க நாம, இது காதில் விழாதா?

பயிற்சிக் கணக்கு: 440-ம் 443-ம் சேர்ந்தால் விநாடிக்கு எத்தனை விம்மல்? விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி, இந்த இதழின் கீழே குத்தி வையுங்கள்.