கைக்கும் கூலி உண்டு

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஆரி ஸ்டாண்டு நிற்கிறது, டெரகோட்டா ஜிமிக்கி காய்கிறது, குரோஷா ஊசி ஓடுகிறது. பார்க்கிறவர்கள் “இதை ஆன்லைனில் விற்கலாமே” என்கிறார்கள். தாராளமாக விற்கலாம். ஆனால் நூலும் மணியும் தீர்ந்தால் கடையில் வாங்கிக்கொள்ளலாம், கையின் நேரத்தை எங்கும் வாங்க முடியாது. புதிதாகத் தொடங்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் நான் சொல்வதெல்லாம் அந்த நேரத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

1. விலை போடும்போது முதல் வரியில் கூலியை எழுதுங்கள். பலரும் பொருளுக்கான செலவை இரண்டால் பெருக்கி விலை சொல்லிவிடுகிறார்கள். ஒரு ஜோடி ஜிமிக்கிக்குப் பொருள் 40 ரூபாய், வேலை இரண்டரை மணி நேரம் என்று வையுங்கள். 80 ரூபாய்க்கு விற்றால் மணிக்கு 16 ரூபாய்தான் நிற்கும். நூறு நாள் வேலைக்கே 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுக்கு நாள் கூலி 336 ரூபாய் என்று வைத்தார்கள். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 42. உங்கள் கைத்திறன் அதற்கும் கீழே போகலாமா? பொருள், கூலி, உடைந்து வீணாவது, பேக்கிங், தளத்தின் கமிஷன், இவற்றுக்கு மேல்தான் லாபம். அந்த விலைக்கு ஆள் வராவிட்டால் டிசைனை எளிமையாக்குங்கள். கூலியில் கை வைக்காதீர்கள்.

2. ஒரு பொருளில் பெயர் வாங்குங்கள். வளையல், கீ செயின், பொம்மை, மெழுகுவத்தி என்று எல்லாவற்றையும் தொட்டால் எதிலும் கை பழகாது. ஒன்றையே செய்யும்போது வேகம் கூடும், மணிக்கூலியும் உயரும். பொருளும் மொத்தமாக வாங்கலாம். கடற்கரை ரயிலில் ஏறிப் பாரிமுனைக்கும் சவுகார்பேட்டைக்கும் போய் வாருங்கள். துணி என்றால் கோடவுன் தெரு. கிலோ விலையும் பாக்கெட் விலையும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது அங்கேதான் புரியும்.

3. படத்தில் உள்ளது உள்ளபடி இருக்கட்டும். காலை வெளிச்சத்தில், வெள்ளை சார்ட்டின் மேல் வைத்து எடுங்கள். காதில் போட்ட படம் ஒன்று கட்டாயம் வேண்டும். நீளத்தையும் எடையையும் எழுதுங்கள். ஃபில்டர் போட்டு நிறத்தை ஏற்றினால் பார்சல் திரும்பி வரும், கூரியர் காசு இரண்டு முறை போகும்.

4. மழையைக் கணக்கில் வையுங்கள். நவராத்திரியும் தீபாவளியும்தான் நமக்கு அறுவடைக் காலம். அதை ஒட்டியே வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். உள்ளே ஈரம் நின்ற மண் நகை சுடும்போது வெடிக்கும். ஆவணிக்குள் செய்து காயவைத்து விடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை நாம் பார்த்திருக்கிறோம். சரக்கைத் தரையில் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் டெலிவரிக்கு நாள் கூட்டியே சொல்லுங்கள்.

5. பெட்டியை அளந்துவிட்டுக் கூரியர் கட்டணம் சொல்லுங்கள். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கின்றன. 30, 20, 15 என்ற பெட்டிக்கு 1.8 கிலோ வரும். உள்ளே இருக்கும் குவில்லிங் விளக்கு 300 கிராம்தான் என்றாலும் 1.8 கிலோவுக்குத்தான் காசு.

6. பணம் வாங்க யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. “ராணுவத்தில் இருக்கிறேன், மொத்த ஆர்டர், முன்பணம் அனுப்புகிறேன்” என்று சொல்லி க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொன்னால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

7. காகிதங்களை முதலிலேயே சரி செய்யுங்கள். உதயம் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் போதும். அதற்குப் பணம் கேட்கிறவரிடம் போக வேண்டாம். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டுக்குள் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. 2023 அக்டோபர் 1 முதல் சிறு வியாபாரிகள் அந்தப் பதிவு இல்லாமலும், ஜி.எஸ்.டி. தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று, ஆன்லைன் தளங்கள் வழியாகச் சொந்த மாநிலத்துக்குள் விற்கலாம். குளியல் சோப்பு, லிப் பாம் செய்பவர்களுக்கு வேறு சட்டம். அவை அழகுசாதனப் பொருட்கள், உரிமம் இல்லாமல் செய்து விற்கக்கூடாது.

8. ஒரே வாசலை நம்பி உட்காராதீர்கள். நம் தாம்பரம் மாநகராட்சிக்குள்ளேயே இருக்கும் அனகாபுத்தூரைப் பாருங்கள். அங்கே நெய்த ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்’ துணி நைஜீரியாவுக்குப் போனது. அந்தச் சந்தை அடைபட்டதும் தறிகள் நின்றன. கைத்திறன் குறையவில்லை, வாங்குகிறவர்தான் இல்லாமல் போனார். மிஞ்சிய நெசவாளர்கள் வாழைநாரையும் மற்ற இயற்கை நார்களையும் கலந்து சேலை நெய்து ஊரின் பெயரை மீட்டார்கள். ஆன்லைனிலும் இதே கதைதான். கைவினைப் பொருட்களுக்குப் பெயர்போன எட்ஸி தளம் 2022 ஏப்ரலில் கமிஷனை 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியது. ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடிப் போராடினார்கள், கட்டணம் இறங்கவில்லை. இன்ஸ்டாகிராமில் ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும், வாங்கியவர்களின் பெயரும் எண்ணும் அவர்கள் சம்மதத்தோடு உங்கள் நோட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப், குடியிருப்புக் கண்காட்சி, சுயஉதவிக் குழுவில் இருந்தால் மதி சந்தை என்று இரண்டு மூன்று வழிகளைத் திறந்து வையுங்கள்.

9. முடியாததற்கு முடியாது என்று சொல்லுங்கள். வாரத்துக்கு உங்கள் கை எத்தனை செய்யும் என்று தெரிந்துகொண்டு, அதற்கு மேல் ஆர்டர் எடுக்காதீர்கள். வளைகாப்புக்கு மறுநாள் வந்து சேரும் வளையலால் யாருக்கும் பயனில்லை.

10. வேலை பெருகினால் பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சேர்த்துக்கொள்வீர்கள். உங்கள் கைக்குப் போட்ட அதே மணிக்கூலியை அவர் கைக்கும் கொடுங்கள். உங்கள் விலை அதைத் தாங்கவில்லை என்றால், முதல் நாள் போட்ட விலையே தப்பு. அதைத் திருத்துங்கள், அவர் கூலியைக் குறைக்காதீர்கள்.