முட்டை பொரியும் முன்பே நிறம் சொல்ல: கார்ன் ஸ்னேக் வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் கார்ன் ஸ்னேக் இனப்பெருக்கத்தைத் தொழிலாக்க நினைப்பவர் முதலில் பழக வேண்டியது நிறக் கணக்கு. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு குட்டிகளின் விலை, அவை சுமக்கும் மரபணுவால் மாறும். வாங்குபவருக்கு அந்த மரபணு கண்ணில் படாது. பாம்போடு நீங்கள் தரும் விவரச் சீட்டை நம்பித்தான் காசு கொடுக்கிறார்.

அடிப்படைக் கணக்கு

கருப்பு நிறமி இல்லாத பாம்பு அமெல். சிவப்பு நிறமி இல்லாதது அனெரி. இரண்டுமே ஒடுங்கு பண்புகள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என மரபணுவின் இரு பிரதிகள் சேர்ந்தால்தான் நிறம் வெளிப்படும். ஒரே பிரதி உள்ளது பார்வைக்குச் சாதாரணப் பாம்பு. தொழிலில் அதை 'ஹெட்' என்பார்கள். அமெலுடன் அமெல் சேர்ந்தால் குட்டிகள் எல்லாம் அமெல். அமெலுடன் ஹெட் சேர்ந்தால் பாதி, ஹெட்டுடன் ஹெட் சேர்ந்தால் கால்வாசி. டெசெரா என்ற உடல் கோலமோ ஓங்கு பண்பு. அதற்கு ஒரு பிரதியே போதும்.

இரண்டு பண்புகள் சேரும்போது

அமெல், அனெரி இரண்டுக்கும் ஹெட்டாக உள்ள ஜோடியை, மரபணுச் சேர்க்கைகளைக் கணக்கிடும் பன்னெட் கட்டத்தில் போட்டால், 16-க்கு 9 சாதாரணம், 3 அமெல், 3 அனெரி, 1 ஸ்னோ (அமெலும் அனெரியும் சேர்ந்து வெளிப்படுவது). இது சராசரி மட்டுமே. 16 முட்டைகள் பொரிந்தும் ஒரு ஸ்னோகூட வராமல் போக ஏறக்குறைய 36 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால் பிறக்காத ஸ்னோவுக்கு முன்பணம் வாங்காதீர்கள்.

'66 சதவீத ஹெட்'

அமெலுக்கு ஹெட்டாக உள்ள ஜோடிக்குப் பிறந்த சாதாரண நிறக் குட்டிகளில் சராசரியாக மூன்றில் இரண்டு ஹெட்டாக இருக்கும்; அதனால் அவற்றை இப்படி அழைப்பார்கள். எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. வளர்ந்தபின் அமெலுடன் இணைத்துப் பாருங்கள். ஒரு அமெல் குட்டி வந்தாலே ஹெட் என்று உறுதி. 10 குட்டிகளில் ஒன்றுகூட அமெல் இல்லையென்றால், அது ஹெட்டாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. காத்திருக்க நேரமில்லையா? உரித்த சட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சில மரபணுக்களைச் சோதிக்கலாம்.

கணக்கு சறுக்கும் இடங்கள்

- அனெரியும் சார்க்கோலும் சாம்பல் நிறந்தான், மரபணு வேறு. இரண்டையும் இணைத்தால், வேறு மறைந்த பண்பு இல்லாதவரை, குட்டிகள் அத்தனையும் சாதாரண நிறம்.
- மோட்லி, ஸ்ட்ரைப் என்ற இரு உடல் கோலங்களும் ஒரே மரபணுவின் இரு வடிவங்கள். தனித்தனிப் பண்புகளாகக் கணக்கிட்டால் விடை தப்பும்.
- அல்ட்ராவும் அமெலும் அப்படியே. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி சேர்ந்தால் இடைப்பட்ட நிறத்தில் அல்ட்ராமெல் பிறக்கும்.
- பெண் பாம்பு விந்தணுவைச் சேமித்து வைக்கும். போன பருவத்து ஆணின் குட்டிகள் இந்த ஆண்டு வரலாம். எந்த ஆணுடன், எந்தத் தேதியில் இணைந்தது என்று பதிவேட்டில் எழுதுங்கள்.
- சன்கிஸ்ட் என்ற வகையின் வம்சத்தில் ஸ்டார்கேஸர் என்ற நரம்புக் கோளாறு மறைந்து வரக்கூடும். அதுவும் ஒடுங்கு பண்புதான், இணைக்குமுன் சோதியுங்கள்.

சீட்டில் எழுத வேண்டியவை

வெளியே தெரியும் நிறம், உறுதியான ஹெட், சதவீதத்தோடு சந்தேக ஹெட் என மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். பெற்றோர் விவரத்தையும் சேர்த்து எழுதுங்கள். உறுதி இல்லாத ஹெட்டை உறுதி என்று விற்றால், அந்தப் பொய் இரண்டு, மூன்று ஆண்டுகளில் வாங்கியவர் வீட்டில் முட்டை பொரியும்போது வெளிப்பட்டுவிடும்.