கைப்பழக்கம் தொழிலாக வேண்டுமா? முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள்



நம்முடைய லயங்களில் கைத்திறமைக்குப் பஞ்சமே இல்லை. ஒருவர் தைப்பார், இன்னொருவர் நூலில் பூப்பின்னுவார். ஒரு தங்கச்சி யாரிடமும் படிக்காமலே கேக்குக்கு ஐசிங் போடுவாள். சில வீட்டு இஸ்தோப்பில் அந்தூரியம் பூத்து நிற்கும். "இதையே தொழிலாச் செஞ்சா என்ன?" என்று நம்மில் பல பேர் நினைத்திருப்போம். நல்ல நினைப்புத்தான். சம்பளத்தோடு இன்னொரு வருமானம் வந்தால் எந்தக் குடும்பத்துக்கு வேண்டாம்?

ஆனால் ஆசைக்குச் செய்வது வேறு, பிழைப்புக்குச் செய்வது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கொப்பி இருக்கிறது, கணக்குக் கொப்பி. அதைப் பற்றித்தான் இந்தப் பாடம். தையலை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கேக் செய்பவருக்கும் பூ வளர்ப்பவருக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

மெசினை விற்க வந்த அக்கா

கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார். மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து படங்கைக்கூட அவிழ்க்காமல் நின்றார். "ஐயா, தையல் மெசின வித்துறலாம்னு இருக்கேன். வாங்குறதுக்கு ஆள் இருந்தாச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. அவர் தைத்த சட்டையைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. இரவு பத்து மணிக்கும் அவர் காம்பராவில் மெசின் சத்தம் கேட்கும். இவ்வளவு வேலை வருகிறவர் ஏன் விற்க வேண்டும்?

"வேல வருது ஐயா, காசுதான் வரல" என்றார்.

உட்கார வைத்து ஒரு கடதாசியில் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கை அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்.

மெசின் வாங்க ஒரு கடன் கம்பனியில் 50,000 ரூபாய் எடுத்திருந்தார். மெசின் விலை 48,000. வருடத்துக்கு நூற்றுக்கு 24 வட்டி, 12 மாதத் தவணை. வட்டி 12,000 ரூபாயையும் சேர்த்து 62,000 கட்ட வேண்டும். மாதம் 5,167 ரூபாய்.

மாதத்துக்கு ஏறக்குறைய 20 உருப்படி தைத்தார். உருப்படிக்கு 350 ரூபாய் கூலி. 20 உருப்படிக்கு 7,000. இதில் நூல் 40, கொக்கி 30, கரண்ட் 10 என்று உருப்படிக்கு 80 ரூபாய் செலவு. 20 உருப்படிக்கு 1,600 போகிறது. மிச்சம் 5,400. தவணை 5,167 கட்டினால் கையில் நிற்பது 233 ரூபாய்.

ஒரு சட்டைக்கு வெட்டுவதிலிருந்து கொக்கி வைப்பது வரை 3 மணித்தியாலம் என்றால், 20 சட்டைக்கு 60 மணித்தியாலம். 60 மணித்தியாலம் கண் விழித்ததற்கு 233 ரூபாய்!

அதுவும் எல்லாரும் காசைக் கொடுத்திருந்தால்தான். அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல எழுதினேன். 11 பேர் கடன் வைத்திருந்தார்கள். மொத்தம் 6,450 ரூபாய். பத்துப் பேரைச் சொன்னவர் பதினோராவது பேரைச் சொல்லத் தயங்கினார். "பரவாயில்ல, சொல்லுங்க" என்றேன்.

"ஐயாவோட மகளுக்குத் தச்ச ரெண்டு ஸ்கூல் கவுன், 700 ரூபா" என்றார்.

எனக்குத் தலை குனிந்துவிட்டது. "சம்பளம் போட்டதும் தாறேன்" என்று சொல்லிவிட்டு, நான் மறந்தே போயிருந்தேன். நலன்புரி உத்தியோகத்தர் என்பதால் அவர் கேட்கவும் இல்லை. மற்றவர்களுக்குச் சேமிப்பைப் பற்றிப் பேசுகிற நானே ஒரு ஏழைத் தொழிலாளியின் முதலைப் பிடித்து வைத்திருந்தேன். அன்றே கொடுத்தேன். ஆனால் இந்தப் பாடத்தை எழுதும்போது அதை மறைத்து எழுத மனம் வரவில்லை.

முதலாம் பாடம்: உங்கள் நேரத்துக்கும் விலை போடுங்கள்

நம்மில் பலர் விடுகிற பெரிய பிழை இதுதான். நூலுக்கும் கொக்கிக்கும் கணக்குப் பார்ப்போம். நம்முடைய கைக்கும் கண்ணுக்கும் கணக்குப் பார்ப்பதில்லை. "சும்மா வீட்டுல இருக்கிற நேரந்தானே" என்று விட்டுவிடுவோம். வீட்டில் இருக்கிற நேரம் சும்மா இருக்கிற நேரமா? அது தூங்க வேண்டிய நேரம், பிள்ளையின் படிப்பைப் பார்க்க வேண்டிய நேரம்.

சரி, எப்படி விலை போடுவது? நமக்குத் தெரிந்த அளவுகோல் தோட்டத்து நாட்கூலி. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அதை 8 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 169 ரூபாய் அளவில் வரும். கணக்குக்குச் சுலபமாக 170 என்று வைப்போம். நீங்கள் கணக்குப் போடுகிற நாளில் என்ன கூலியோ அதை வைத்துப் பிரியுங்கள்.

மெசினுக்கும் தேய்மானம் உண்டு. 48,000 ரூபாய் மெசின் 5 வருடம் உழைத்தால் மாதம் 800 ரூபாய் தேய்கிறது. 20 உருப்படிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 40 ரூபாய். இப்போது சாறிச் சட்டை ஒன்றின் சரியான கணக்கு இது:

நூல், கொக்கி, கரண்ட் - 80 ரூபாய்
மெசின் தேய்மானம் - 40 ரூபாய்
கூலி, 3 மணித்தியாலம் - 510 ரூபாய்
மொத்தம் - 630 ரூபாய்

350 வாங்கியபோது அந்த அக்காவின் உழைப்புக்கு மணிக்கு 77 ரூபாய்தான் விழுந்தது. மலையில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. கூட்டிச் சொல்ல வெட்கப்பட்டு, தன் கூலியைத் தானே குறைத்துக்கொண்டார்.

"650ன்னு சொன்னா ஆள் வருவாங்களா ஐயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் டவுனுக்குப் போய் மூன்று தையற்கடையில் விலை கேட்டு வரச் சொன்னேன். பிறகு இன்னொரு கணக்குப் போட்டோம். விலையைக் கூட்டியதால் ஐந்து உருப்படி குறைந்து மாதம் 15தான் வருகிறது என்று வையுங்கள். 15 உருப்படிக்கு 9,750. நூல் செலவு 1,200 போக 8,550. தவணையும் போகக் கையில் 3,383 ரூபாய். முன்பு 60 மணித்தியாலத்துக்கு 233. இப்போது 45 மணித்தியாலத்துக்கு 3,383. வேலை குறைந்தும் வருமானம் கூடுகிறது!

இரண்டாம் பாடம்: கொப்பியில் எட்டுக் கட்டம்

ஒரு சாதாரணக் கொப்பி போதும். பக்கத்தைக் கோடு போட்டுப் பிரியுங்கள்: திகதி, ஆளின் பேர், உருப்படி, சாமான் செலவு, எடுத்த நேரம், கூலி, வாங்கிய காசு, பாக்கி. ஒவ்வொரு உருப்படியும் முடிந்தவுடன் எழுதுங்கள். "நாளைக்கு எழுதலாம்" என்றால் நாளைக்கு மறந்துபோகும். எழுத்துச் சிரமம் என்றால் படிக்கிற பிள்ளையைக் கொண்டு எழுதுங்கள். பிள்ளைக்கும் கணக்குப் பழகும்.

சம்பள நாளுக்கு மறுநாள் பக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். தொழில் காசை வீட்டுக் காசோடு கலக்காதீர்கள். ஒரு தகர டப்பாவில் தனியாகப் போட்டு, அதிலிருந்து நூல், ஊசி வாங்குங்கள். மிச்சத்தில் வீட்டுக்கு எடுத்தால் அதையும் எழுதுங்கள். டப்பாவிலிருந்து எழுதாமல் எடுத்த காசுதான் பல சிறு தொழில்களை விழுத்துகிறது.

மூன்றாம் பாடம்: கடன் சொல்பவருக்கு என்ன சொல்வது?

ஒரே லயத்தில் முகம் பார்த்து வாழ்கிறோம். "காசு இல்லாமல் தைக்க மாட்டேன்" என்று சொல்வது கஷ்டந்தான். அதனால் ஒரு வழமையை உண்டாக்குங்கள். துணி கொடுக்கும்போது பாதிக் காசு, உடுப்பு வாங்கும்போது மீதி. இது எல்லாருக்கும் ஒன்று என்று ஒரு மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாய் சொல்லத் தயங்குவதை மட்டை சொல்லும். துரை வீட்டு உடுப்பானாலும் நலன்புரி உத்தியோகத்தர் வீட்டு உடுப்பானாலும் அதே சட்டந்தான்.

உண்மையாகவே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இலவசமாகத் தைத்துக் கொடுக்க விரும்பினால் கொடுங்கள், புண்ணியம். ஆனால் கொப்பியில் "தர்மம்" என்று எழுதுங்கள். தர்மம் வேறு, பாக்கி வேறு.

நான்காம் பாடம்: கடன் எடுக்குமுன் மூன்று மாதம்

மெசின் வாங்கிவிட்டு வேலை தேடாதீர்கள். இருக்கிற சாமானோடு, அல்லது இரவல் மெசினோடு மூன்று மாதம் செய்து பாருங்கள். அந்த மூன்று மாதக் கொப்பியைக் கூட்டிப் பார்த்து, மிச்சம் தவணையைவிடக் கூட இருந்தால் மட்டும் கடனைப் பற்றி யோசியுங்கள்.

வட்டியையும் விளங்கிக்கொள்ளுங்கள். அந்த அக்காவுக்குச் சொன்னது "நூற்றுக்கு 24". ஆனால் அவர் மாதாமாதம் முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தார். கடைசி மாதத்தில் அவர் கையில் கடன் காசு 5,000 கூட இல்லை. வட்டி மட்டும் முழு 50,000க்கும் 12 மாதமும் போட்டார்கள். வருடம் முழுக்கச் சராசரியாக அவரிடம் இருந்த கடன் 27,000 ரூபாய் அளவுதான். அதற்கு 12,000 வட்டி என்றால் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டுகிறது! ஆகவே எங்கே கையெழுத்து வைத்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: "வட்டி முழுத் தொகைக்கா, குறைந்து வருகிற மிச்சத் தொகைக்கா?" பதில் விளங்காவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஐந்தாம் பாடம்: பேரை வெட்டிக்கொள்ளாதீர்கள்

ஒரு நல்ல தீபாவளி மாதம் வந்தால், "இனி மலைக்குப் போகத் தேவையில்ல" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். 2024 செப்டம்பரில் வந்த 1,350 ரூபாய் அடிப்படைக் கூலியை வைத்துப் பார்த்தால், ஊழியர் சேமலாப நிதிக்குத் தோட்டம் போடுவது நூற்றுக்கு 12, அது 162 ரூபாய். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு 3, அது 40 ரூபாய் 50 சதம். ஆகவே அந்தக் கூலியில் ஒரு நாள் பேரின் பெறுமதி 1,552 ரூபாய் 50 சதம். சேவைக்காலப் பணமும் பிள்ளைப்பேற்றுச் சகாயமும் வேறு இருக்கின்றன. வீட்டுத் தொழிலில் இவற்றை நமக்கு நாமேதான் சேர்க்க வேண்டும். வேலையை விடுவதென்றால் ஒரு முழு வருடக் கொப்பியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஏன் ஒரு வருடம்? தையலுக்குப் பருவம் உண்டு. 1993 முதல் அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கொடுத்து வருகிறது. துணி இலவசம், தையற்கூலி நம்முடையது. புதிய தவணை தொடங்குமுன் அந்த வேலை குவியும். பிறகு பொங்கல், கோயில் திருவிழா, தீபாவளி. மற்ற மாதங்களில் மெசின் சும்மா நிற்கும். நல்ல மாதத்துக் காசில் ஒரு பங்கை வெறும் மாதத்துக்கு ஒதுக்க வேண்டும்.

ஆறாம் பாடம்: பேர் எடுப்பது வேலையால்

விலை கூடினால் வேலையும் திருத்தமாக இருக்க வேண்டும். பருத்தித் துணியை வெட்டுமுன் நனைத்துக் காயப்போடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கி, பழி உங்கள் தலையில் விழும். மெல்லிய துணிக்கு 11ஆம் நம்பர் ஊசி, சாதாரணத் துணிக்கு 14, தடித்த துணிக்கு 16. நம்முடைய மழைக்கும் பனிக்கும் மெசின் சீக்கிரம் துருப்பிடிக்கும். மெசின் எண்ணெய் விட்டு, துணியால் மூடி வையுங்கள். சொன்ன நாளில் கொடுங்கள். முடியாத நாளைச் சொல்லாதீர்கள்.

வீட்டிலேயே பழகியவர்களும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழி உண்டு. நைட்டா நிறுவனம் முன்னனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் வழங்குகிறது. சொந்தப் பேரில் இல்லாமல் கடைப்பேர் வைத்துத் தொழில் செய்வதென்றால் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். முதலில் கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு தொழில் நடப்பது லேசான காரியமில்லை. அவர் தைக்கிற நேரம் நீங்கள் அடுப்பைப் பாருங்கள், பிள்ளையைப் பாருங்கள். வருகிற காசு அந்த வீட்டுக்குத்தானே.

பிறகு என்ன நடந்தது?

அக்கா மெசினை விற்கவில்லை. மட்டையை எழுதி ஒட்டினார். சில பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அதில் சில பேர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவேயில்லை. பாக்கியில் பெரும்பகுதி இரண்டு சம்பளத்தில் வந்தது. கடனைக் கட்டி முடித்துவிட்டார். இன்றும் காலையில் பெரட்டுக்கு வருகிறார். இரவு ஒன்பது மணிக்கு மெசினை மூடிவிடுகிறார். "இப்பத்தான் ஐயா தைக்கிறதுக்குப் பழைய ஆச வருது" என்றார்.

உங்களுக்குச் சில கேள்விகள்

1. உங்கள் கைப்பழக்கத்தில் ஒரு உருப்படி செய்ய எத்தனை மணித்தியாலம் எடுக்கிறது?
2. அதற்குச் சாமான் செலவு எவ்வளவு?
3. இன்றைய நாட்கூலியை 8ஆல் பிரித்து, உங்கள் நேரத்தின் விலையைச் சொல்ல முடியுமா?
4. உங்களுக்கு யார் யார் எவ்வளவு பாக்கி?
5. நீங்கள் யாருக்குப் பாக்கி?

ஐந்தாவது கேள்விக்கு முதலில் பதில் எழுதுங்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். கொப்பி எழுதுவதில் சந்தேகம் இருந்தால் வேலை முடிந்து நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து கணக்குப் போடுவோம்.